ஆஷ் ஏன் கதவைத் திறந்தார்: விண்வெளித் திகில் படங்களில் முன்குறிப்பும் முட்டாள்தனமும்

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஓகஸ்ட் 3, சனி

அறிவியல் திகில் படம் என்றால் அதில் கட்டாயம் ஒரு முட்டாள் வேண்டும். தொடக்கூடாததைத் தொடுவான், திறக்கக்கூடாத கதவைத் திறப்பான், பிறகு ஒவ்வொருவராகச் சாவார்கள். முன்கூட்டியே லீட் (பின்னால் வரப்போவதற்கான குறிப்பு) வைத்தால் திகில் போய்விடும், வைக்காவிட்டால் லாஜிக் இடிக்கும். இரண்டும் சரியாக வந்த படம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

என் பதில், ஓகஸ்ட் 3, இரவு 10.40

1979-இல் வந்த ஏலியன். (கீழே கதை முடிவுகள் எல்லாம் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

நீங்கள் சொல்லும் கதவு அந்தப் படத்திலும் இருக்கிறது. முகத்தில் ஒரு பிராணி ஒட்டிக்கொண்ட நிலையில் கேன் என்ற சக ஊழியரைத் தூக்கிக்கொண்டு விண்கப்பல் வாசலில் வந்து நிற்கிறார்கள். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், விதி அப்படி, திறக்க மாட்டேன் என்கிறாள் பொறுப்பில் இருக்கும் அதிகாரி ரிப்ளி. உள்ளே இருக்கும் விஞ்ஞான அதிகாரி ஆஷ் திறந்துவிடுகிறார். முதல் தடவை பார்க்கும்போது நான் யார் பக்கம் நின்றேன் தெரியுமா? ஆஷ் பக்கம். வெளியே ஒருவன் சாகக் கிடக்கிறான், கேப்டனே திற என்று கத்துகிறார், இவள் விதி பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆஷ் மனிதர் இல்லை, ஆட்கள் செத்தாலும் பரவாயில்லை பிராணியைக் கொண்டு வா என்று கம்பெனி கொடுத்த கட்டளையோடு வந்தவர் என்பதெல்லாம் வெகுநேரம் கழித்துத்தான் தெரிய வருகிறது.

கதவு திறந்தபோது அது இரக்கமாகத் தெரிந்தது. பின்னால் அதுவே துரோகத்தின் தடயமாகிறது. நல்ல லீட் என்று நான் சொல்வது இதைத்தான்: குறிப்புக்கு அது வரும் காட்சியிலேயே வேறு ஒரு முழு வேலை இருக்க வேண்டும். அந்த வேலையை நாம் நம்பிவிட்டால் அது குறிப்பு என்பதே நமக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஷை நம்புகிறீர்களா என்று ரிப்ளி கேட்கும்போது, முன்பு ஐந்து பயணம் வேறொரு விஞ்ஞான அதிகாரியோடு போனேன், கிளம்ப இரண்டு நாளைக்கு முன்னால் அவரை எடுத்துவிட்டு இவரைப் போட்டார்கள் என்கிறார் கேப்டன் டல்லஸ். அலுவலகத்தில் இடமாற்றம் பற்றிக் கதைக்கிற மாதிரி, அலுப்போடு. நாங்களும் அப்படியே கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம்.

ஓகஸ்ட் 4, காலை

லாஜிக் பற்றி நேற்றிரவு எழுத மறந்தது. இந்தப் படத்தில் எல்லாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "ஏன் சுட்டுக் கொல்லவில்லை?" யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றும் முன்பே பதில் வந்துவிடுவதுதான் காரணம். முகத்தில் ஒட்டியதை வெட்டப் பார்க்கிறார்கள், அதன் இரத்தம் அமிலமாகக் கொட்டித் தளம் தளமாக ஓட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறது. ஆட்கள் படியால் இறங்கி அதன் பின்னால் ஓடுகிறார்கள். நமக்கு அது ஒரு பதற்றமான காட்சி. ஆனால் அதற்குப் பிறகு துப்பாக்கி என்ற வழியே கதையில் இல்லை, சுட்டால் கப்பலில் ஓட்டை. இந்த யோசனையைக் கொடுத்தவர் படத்தின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ரோன் கொப். சுட முடியாதபடி ஒரு காரணம் வேண்டும் என்று தேடித்தான் அதற்கு வந்திருக்கிறார்கள். கதையின் பெரிய ஓட்டையை அடைக்க வந்த யோசனையே படத்தின் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்றாகிவிட்டது.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

"அது ஒரு படம். மற்றதெல்லாம்? 2012 பிரோமீதியஸில் உயிரியல் நிபுணர் ஒருவர் வேற்றுக்கிரகப் பாம்பைக் கொஞ்சப் போய்ச் சாகிறாரே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தியேட்டரில் அந்த இடத்தில் சனம் சிரித்தது, நானும் சிரித்தேன். படித்த ஆள் எவனும் இப்படிச் செய்ய மாட்டான் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். இப்போது அந்த வாதத்தை முன்பு போல் அடித்துச் சொல்ல முடியவில்லை.

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். 2017 டெங்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல். பிளேட்லெட் எண்ணிக்கைக்காக ஒரே நோயாளியிடம் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது, வார்ட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், நிலத்திலும் ஆட்கள். பாவித்த ஊசியைத் திருப்பி மூடியால் மூடக்கூடாது என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே படிப்பிப்பது. நான் புதிதாக வருபவர்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒருநாள் பின்னேரம், வேலை தொடங்கிப் பதின்மூன்றாவது மணி நேரம், இரத்தம் எடுத்து முடித்த கையோடு நோயாளியின் குழந்தை தட்டுப் பக்கம் ஓடி வந்தது. ஊசி போடும் பெட்டி கட்டிலின் மறுபக்கம். குழந்தைக்குக் குத்திவிடும் என்ற ஒரே நினைப்பில் இரண்டு கையாலும் மூடியைப் போட்டேன், என் விரலில் குத்திவிட்டது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், உடனே அறிவித்தேன், அவருடைய இரத்தமும் என்னுடையதும் சோதிக்கப்பட்டன, மூன்று மாதம் கழித்து வந்த கடைசி முடிவு வரை ஒன்றும் இல்லை. அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று இங்கே எழுத விருப்பமில்லை.

தெரிந்தவன் தவறு செய்வான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குள் வேறு ஏதோ ஒன்று அந்த அறிவைவிடப் பெரிதாகியிருக்கும். என் கதையில் அந்தக் குழந்தை. குழந்தை ஓடி வருவதை வெட்டிவிட்டு நான் மூடி போடுவதை மட்டும் காட்டினால், பார்ப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஓகஸ்ட் 6, கொஞ்ச நேரம் கழித்து

அப்படியானால் பிரோமீதியஸில் இடித்தது எது? அந்த உயிரியல் நிபுணர் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒரு பிணத்தைப் பார்த்துப் பயந்து, நான் கப்பலுக்குத் திரும்புகிறேன் என்று கிளம்பியவர். பிணத்துக்குப் பயந்தவர் உயிரோடு சீறும் ஒன்றுக்குக் கை நீட்டுகிறார். என்னால் ஏற்க முடியாதது அந்த முரண். கூடவே இன்னொருவர் தொலைகிறார், குகை முழுவதையும் அளந்து படம் வரையும் கருவிகளைப் பறக்கவிட்டவரே வழி தெரியாமல் தொலைகிறார்.

ஓகஸ்ட் 8

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். டிஸ்க்கோடு வந்த நீக்கப்பட்ட காட்சிகளை நேற்று எடுத்துப் பார்த்தேன். அதே ஆள் முன்னதாகச் சின்னப் புழு மாதிரி ஓர் உயிரைக் கண்டுபிடித்து, குழந்தை மாதிரிச் சந்தோஷப்படும் காட்சி அதில் இருக்கிறது. பூமிக்கு வெளியே முதல் உயிரைக் கண்ட மனிதன் தான் என்ற பூரிப்பு முகத்தில் தெரிகிறது. அது படத்தில் இருந்திருந்தால் பாம்புக்குக் கை நீட்டியது வேறு மாதிரி இருந்திருக்கும். வாழ்நாள் முழுக்கத் தேடியது எதிரே வந்து நிற்கிறது, பயம் எங்கே நினைவுக்கு வரும்?

ஆகவே எழுதியவர்களை நான் திட்டியது பிழை. லீட் எழுதப்பட்டிருக்கிறது, எடுக்கப்பட்டும் இருக்கிறது. எடிட்டிங்கில் போய்விட்டது. கதையை நகர்த்தாத காட்சி என்று பார்த்து வெட்டியிருப்பார்களோ என்று நினைக்கிறேன். அந்த ஒரு காட்சி போனதில் ஒரு மனிதன் முழு முட்டாளாகிவிட்டான்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

இன்று முழுநாளும் மழை. ஜோன் கார்ப்பென்டரின் த திங் (1982) மறுபடி பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை.

தொடக்கம் ஞாபகம் இருக்கும். அண்டார்டிக்கா, வெள்ளைப் பனி, ஓடும் நாய், ஹெலிகொப்டரில் துரத்தித் துரத்திச் சுடும் நோர்வேக்காரர்கள். அமெரிக்கர்களின் முகாமில் வந்து இறங்கிய ஒருவன் துப்பாக்கியோடு ஏதோ கத்துகிறான். யாருக்கும் விளங்கவில்லை, கீழே எழுத்தும் ஓடாது. பைத்தியம் என்று நினைத்து அவனைச் சுட்டுவிட்டு நாயை உள்ளே எடுக்கிறார்கள். நோர்வே மொழி தெரிந்தவர்களுக்கு மட்டும் படம் அங்கேயே முடிந்துவிடும். அவன் சொன்னது, தள்ளிப் போங்கள், அது நாய் இல்லை, நாய் மாதிரி நடிக்கும் ஏதோ ஒன்று என்பது. முழுக் கதையும் முதல் சில நிமிடங்களில் சத்தமாகச் சொல்லப்பட்டுவிட்டது. மறைப்பதற்கு மொழி ஒன்றே போதுமாக இருந்தது.

இந்தக் காட்சி என்னை ஏன் இவ்வளவு உலுக்குகிறது என்று சொல்கிறேன். 2011-இல் வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்தபோது எனக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. நவம்பர் மழை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் முழங்கால் அளவு தண்ணீர். நடந்துகொண்டிருந்தேன். எதிரே கடை வாசலில் நின்ற வயதானவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கையை வீசிக் கத்தத் தொடங்கினார். அந்தக் காலத்தில், அந்த வயதில், ஒருவர் சிங்களத்தில் என்னைப் பார்த்துக் கத்தினால் நான் என்ன நினைப்பேன்? தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். அவர் தண்ணீருக்குள் ஓடி வந்து என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அடுத்த அடியில் வடிகான் மூடி இல்லை. ஒரு தடியை விட்டுக் காட்டினார், தடி முழுவதும் உள்ளே போனது.

அந்த அமெரிக்கர்கள் முட்டாள்கள் இல்லை. துப்பாக்கியோடு வந்து விளங்காத மொழியில் கத்துபவனை எச்சரிப்பவனாக யாரும் எடுக்க மாட்டார்கள். கொழும்பில் இருக்கும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஓகஸ்ட் 12

ஆய்வுகூடக்காரனாக இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. அந்தப் படத்தில் யார் மனிதன், யார் மனிதனாக நடிக்கும் பிராணி என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் காட்சியைத் திகிலுக்காகப் புகழ்வார்கள். நான் அதை வரிசைக்காகப் புகழ்கிறேன். முதலில் மருத்துவர் சாதாரணமாக யோசிக்கிறார்: ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சேமிப்பில் இருக்கும் சுத்தமான மனித இரத்தத்தோடு கலந்து பார்ப்போம். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போய்ப் பார்த்தால் சேமித்த இரத்தம் முழுவதையும் யாரோ நாசமாக்கியிருக்கிறார்கள். சுலபமான வழி மூடப்பட்டுவிட்டது, அந்தச் சாவி யாரிடம் இருந்தது என்ற சந்தேகமும் கூடவே வந்துவிட்டது.

அப்புறம் ஒருவனுடைய தலை மட்டும் உடலிலிருந்து பிய்ந்து கால் முளைத்து நடந்து போகிறது. அருவருப்புக்காக வைத்தது என்றுதான் தோன்றும். ஆனால் நாயகன் மக்ரெடி அந்தத் தலையிலிருந்துதான் பரிசோதனையைக் கண்டுபிடிக்கிறான்: இதன் ஒவ்வொரு துண்டும் தனி உயிர் என்றால் ஒவ்வொரு துளி இரத்தமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும், சூடான கம்பியைக் கண்டால் ஓடும். அந்தக் கோரம்தான் அவனுக்கு ஆதாரம். குறிப்புக்கு வேறு வேலை இருக்க வேண்டும் என்று சொன்னேனே, இங்கே அந்த வேலை நம்மை முகம் சுளிக்க வைப்பது.

ஓகஸ்ட் 14

இதெல்லாம் ஹொலிவூட் உத்தி என்று ஒருவர். இல்லை. சிலப்பதிகாரத்தின் முதல் காதையை எடுத்துப் பாருங்கள். கண்ணகி கோவலன் திருமணம், பெண்கள் பூத்தூவி வாழ்த்துகிறார்கள், காதலனைப் பிரியாமல் இருக்க வேண்டும், அணைத்த கை நெகிழாமல் இருக்க வேண்டும் என்று. கலியாண வீட்டில் யாரும் சொல்லும் வாழ்த்து. கதை தெரிந்தவனுக்கு மட்டும் அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும், நடக்கப்போவது அப்படியே அந்த இரண்டும்தானே. இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிப்பது வேறு வகை, அது வெளிப்படையான நிமித்தம். எனக்கு வாழ்த்துத்தான் பெரிதாகப் படுகிறது.

ஓகஸ்ட் 17, சனி

ஆணி. எ கொயட் பிளேஸ் (2018) படத்தின் ஆணியைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் என் வாதத்துக்கு அது இடைஞ்சல். சத்தம் கேட்டால் கொல்லும் பிராணிகள். நிலவறைப் படியில் அம்மா துணி மூட்டையை இழுக்க, ஓர் ஆணி மாட்டி நிமிர்ந்து நிற்கிறது. கமரா அதை நமக்கு நன்றாகக் காட்டுகிறது. அந்த ஆணிக்கு வேறு எந்த வேலையும் இல்லை. இருந்தும் அது வேலை செய்கிறது, தியேட்டரே அந்தப் படியைப் பார்த்தபடி இருந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். இயக்குநர் ஹிட்ச்கொக் சொன்ன மேசைக்கடியில் வெடிகுண்டு இதுதான். பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், அதனால் அவர்களுடைய சாதாரணப் பேச்சு கூட நம்மைக் கொல்லும். ஆகவே நான் முதலில் எழுதியது பாதிதான் சரி. ஒளித்து வைக்கும் குறிப்புக்குத்தான் வேறு வேலை தேவை. காட்டி வைக்கும் குறிப்புக்குத் தேவையில்லை, அதன் வேலை நம்மைக் காக்க வைப்பது. கேள்வி கேட்டவர் லீட் வைத்தால் திகில் போய்விடும் என்றாரே, ஆணி அதற்கு நேர் எதிர்.

ஆனாலும் ஒரு குறை எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக மணல் கொட்டிப் பாதை போட்டு, சத்தம் வராத பலகையைப் பார்த்து அடையாளம் வைத்து வாழும் வீடு. அந்த வீட்டில் படியில் நீட்டிக்கொண்டு நிற்கும் ஆணி ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்குமா? மற்றப் படங்களில் விட்டுக்கொடுப்பேன். கவனத்தையே வாழ்க்கையாக்கிய குடும்பம் என்று படமே நம்மை நம்ப வைத்த பிறகு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஓகஸ்ட் 20

த ஃப்ளை (1986) பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அதுவும் முதல் வரிசை. தன்னையே இயந்திரத்துக்குள் அனுப்பும் விஞ்ஞானி அன்றிரவு குடித்திருக்கிறான், காதலி பழைய காதலனிடம் போய்விட்டாள் என்று பொறாமையில் இருக்கிறான். நிதானமான ஆளாக இருந்தால் பொறுத்திருப்பான், ஒருவேளை உள்ளே இருந்த ஈயையும் பார்த்திருப்பான்.

ஓகஸ்ட் 22

நம் ஊர்க்காரர் ஒருவரை இவ்வளவு நேரம் விட்டுவிட்டேன். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008-இல் சாகும் வரை இலங்கையில் இருந்தவர், பொரளை கனத்தையில் அடக்கம். அவரும் இயக்குநர் கியூப்ரிக்கும் எழுதிய 2001 (1968) திகில் படமா என்று சண்டைக்கு வராதீர்கள், ஹெல் (HAL) என்ற கப்பல் கணினி வரும் பகுதி எனக்குத் திகில்தான்.

விண்வெளி வீரர்கள் இரண்டு பேரும் ஹெல்லுக்குக் கேட்காதபடி சிறு கலத்துக்குள் போய்க் கதைக்கிறார்கள், அது கண்ணாடி வழியாக அவர்களுடைய உதட்டைப் படிக்கிறது. திடீரென்று வந்த திறமை மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஓர் அமைதியான காட்சி: அவர்களில் ஒருவனான போமன் தான் வரைந்த படங்களை ஹெல்லுக்குக் காட்டுகிறான், ஹெல் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கள் என்று கேட்டு, நன்றாக வருகிறது என்று பாராட்டுகிறது. நட்பான பேச்சு. அந்தக் கண் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்று அங்கேயே காட்டியாகிவிட்டது. இதை நான் கண்டது 2022-இல், மின்வெட்டு நாட்களில், மடிக்கணினியில் மிச்சமிருந்த பட்டரியில் ஒலியைக் குறைத்துவைத்துப் பார்த்தபோது. பேச்சு சரியாகக் கேட்காததால் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

ஏலியன் வரிசையில் 2024-இல் வந்த ரொமுலஸ் பார்த்துவிட்டு வந்தேன். படம் முழுக்கப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், கடைசிப் பகுதி எனக்கு இழுவை. ஆனால் ஒரு காட்சிக்காக எழுதுகிறேன். நிலையத்தின் ஈர்ப்பு விசை இடைக்கிடை நின்று திரும்ப வரும் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள், அங்கே அது வெறும் தொல்லை. பின்னால் பிராணிகள் கூட்டமாக வரும்போது நாயகி ஈர்ப்பை நிறுத்திவிட்டுச் சுடுகிறாள். அமிலம் விழாது, அந்தரத்தில் மிதக்கும், தளம் ஓட்டையாகாது. 1979-இல் துப்பாக்கியைப் பூட்டிய அதே விதி, 45 வருடம் கழித்து அதே விதிக்குள் நின்றபடி திறக்கப்படுகிறது. விதியை யாரும் மாற்றவில்லை. தியேட்டரில் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

செப்டெம்பர் 1

அக்காவின் மகன், பதினேழு வயது, ரொமுலஸ் பார்த்த பிறகு பழையதைக் கேட்டு நச்சரித்தான். நேற்றிரவு ஏலியன் போட்டோம். ஆஷ் யார் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. கதவு திறந்தபோது அவனும் "சரிதானே மாமா, ஆள் சாகக் கிடக்கிறான்" என்றான். சந்தோஷமாக இருந்தது.

படம் முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளத் தொடங்கினான். கதவு விஷயமாக ரிப்ளி ஆஷிடம் போய்ச் சண்டை பிடிக்கும் இடம். கேப்டனும் கேனும் வெளியே இருந்தால் நான்தானே பொறுப்பு என்று கேட்கிறாள். ஆமாம், மறந்துவிட்டேன் என்கிறார் ஆஷ். பிழை பிடிபட்ட எந்த அதிகாரியும் சொல்லும் சாட்டு. இருபது தடவையாவது கேட்டுவிட்டுக் கடந்து போயிருப்பேன்.

அவன் அந்த இடத்தில் நிறுத்தினான்.

"மாமா, அந்தாள் மெஷின்தானே. மெஷினுக்கு எப்பிடி மறக்கும்?"

தட்டுகளை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரும்பவும் கதவுக் காட்சியிலிருந்து போட்டோம்.